ஊர்க் கண்மாயைத் தூர்வாரினால் மண்ணும் நீரும் பறவைகளும் திரும்புமா?

கேள்வி கேட்டவர் முதுகுளத்தூர் பக்கத்து ஊர்க்காரர், இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். வெளியூரில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து 5 லட்சம் ரூபாய் திரட்டியிருக்கிறார்கள். கண்மாய் ஏறத்தாழ 100 ஏக்கர், தண்ணீர் நிற்கும் உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம், கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு வயல்களில் பாதி தரிசு. "ஜேசிபி வைத்துத் தூர்வாரி, கரையில் ஆயிரம் மரக்கன்று நட்டால் மண், நீர், பறவைகள் எல்லாம் பழையபடி திரும்புமா? எதில் தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறார். பார்ப்பதற்குத் தூர்வாருவது பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் கையில் இருக்கிற இந்தச் சின்னத் தொகையை எங்கே போட்டால், ஊரில் நாம் இல்லாதபோதும் அந்த வேலை நிலைத்து நிற்கும் என்பதுதான் அவருடைய கவலை என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் வேளாண் பொறியியல் படித்தவன். 22 வருடமாக இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களின் மழைக்கண்மாய்களில்தான் என் வேலை. அதனால் கீழே சொல்வதெல்லாம் வானம் பார்த்த பூமிக்குப் பொருந்தும். காவிரிப் பாசனத்துக்கோ மலையடிவார ஊர்களுக்கோ இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் கண்மாய்க்குள் இறங்காதீர்கள். வரத்துக்காலை, அதாவது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயைப் பாருங்கள். ஊரில் எழுபது வயதைத் தாண்டிய இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு, தண்ணீர் எங்கிருந்து புறப்பட்டுக் கண்மாய்க்கு வந்துசேர்ந்தது என்று கடைசிவரை நடந்து பாருங்கள். ஒரு நாள் போதும். எந்த இடத்தில் கால் மண்மேடிட்டிருக்கிறது, எங்கே வரப்பு போட்டு நிலத்தோடு சேர்த்துக்கொண்டார்கள், எங்கே சாலை குறுக்கே போகிறது, எந்தப் பக்கத்து ஊர் மடையைத் திருப்பிவிட்டிருக்கிறது என்று எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள புலப்படத்தோடு ஒப்பிட்டால், கால்வாயின் பழைய அகலம் தெரிந்துவிடும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கணக்கு அப்படி. ஒரு ஏக்கரை ஒரு அடி ஆழம் தோண்டினால் வெளியே வரும் மண் சுமார் 1,230 கன மீட்டர். டிராக்டர் டிப்பருக்கு 3 கன மீட்டர் என்று வைத்தால் நானூறு நடைக்கு மேல். இவ்வளவும் செய்து கூடுதலாகக் கிடைக்கும் கொள்ளளவு 12 லட்சம் லிட்டர்தான். இப்போது மறுபக்கம் பாருங்கள். வடகிழக்குப் பருவத்தில் உங்கள் பகுதியில் 500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவருகிறது என்று வைப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பிலிருந்து மட்டும் வருவது 10 கோடி லிட்டர். அடைபட்ட கால்வாயைத் திறந்தால் வரும் தண்ணீரைத் தேக்க, எண்பது ஏக்கரை ஒரு அடி தோண்ட வேண்டியிருக்கும். ஐந்தில் ஒரு பங்கு என்பது ஒரு கைக்கணக்குதான். மணற்பாங்கான நிலத்தில் அது பாதியாகக் குறையலாம், கெட்டியான செம்மண் மேட்டில் பெருமழை அடித்தால் கூடலாம். எப்படிப் பார்த்தாலும் வரத்துக்கால்தான் முதலில் என்பது மாறாது. உங்கள் கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகைநீர் வெளியேறும் வழி) பாய்ந்தது எந்த வருடம் என்று பெரியவர்களைக் கேளுங்கள். பத்து வருடமாக நிறையவே இல்லை என்றால், இருக்கிற பாத்திரமே நிரம்பவில்லை. அதைப் பெரிதாக்கி என்ன பயன்?

நான் வேலைக்குச் சேர்ந்த நான்காவது வருடம் இதே தப்பைச் செய்தோம். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய். இரண்டு மாதம் இயந்திரம் ஓட்டி, கரையைப் பலப்படுத்தி, மடையைப் புதிதாகக் கட்டினோம். ஐப்பசியில் நல்ல மழை. சுற்றுவட்டாரக் கண்மாயெல்லாம் பாதிக்கு மேல் நிறைந்தன, எங்கள் கண்மாயில் முழங்கால் தண்ணீர். மழைக்குள்ளேயே கால்வாயில் நடந்துபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேலே புதிதாகப் போட்ட ஒரு சாலையில் பாலத்துக்காக வைத்த குழாய், கால்வாயின் தரைமட்டத்தைவிட ஒன்றரை அடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் அங்கே தேங்கி, பக்கத்துத் தரிசில் பாய்ந்து, வேறு ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த ஊர்க்காரர் ஒருவர் என் பக்கத்தில் நின்று, "தம்பி, இதை வெட்டுறதுக்கு முன்னாடி வந்து பார்த்திருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் வரத்துக்கால் நடைதான்.

சரி, தூர்வாரவே கூடாதா? தூர்வாரலாம், ஆனால் அளவோடு, இடம் பார்த்து. மூன்று விஷயங்களில் எனக்குச் சந்தேகமே இல்லை. கரையின் உள்ளடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனமாகி, கண்மாய் நிறையும்போது சரியும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. ஆடு மாடு குடிக்கும், நிலத்தடிக்கு இறங்கும், மீனுக்கு ஆகும். அது வேண்டும் என்றால் ஒரு மூலையில் கிடங்கு போலத் தெரிந்தே வெட்டுங்கள், பாசனக் கணக்கில் சேர்க்காதீர்கள். அப்புறம், அடியில் மணல் இருக்கும் கண்மாய்களில் மேலே படிந்த களிமண்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதை முழுக்கச் சுரண்டினால் மார்கழிக்குள் கண்மாய் காய்ந்துவிடும். அதனால் வெட்டுவதற்கு முன் நான்கைந்து இடத்தில் குழி தோண்டி, எத்தனை அடியில் என்ன மண் மாறுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெட்டும் வண்டல் கரையோரம் குவிந்து கிடக்க வேண்டியதில்லை, அது வயலுக்குப் போக வேண்டிய சொத்து. உழவர்கள் வண்டலை இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு வழி வைத்திருக்கிறது. 2024இலிருந்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. மாவட்ட அரசிதழில் உங்கள் கண்மாயின் பெயர் இருக்க வேண்டும். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்று வரம்பு. 90 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கனம் வரும். செவல் நிலத்திலும் மணல் நிலத்திலும் இது மழைக்குப் பின் ஈரம் நிற்கும் நாட்களைக் கண்ணுக்குத் தெரியும்படி கூட்டும். கரிசலில் அதே வண்டலைக் கொட்டுவதால் பெரிய பலன் இல்லை, அங்கே களி ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கடலோர வட்டாரக் கண்மாய்களில் வண்டலே உப்பாக இருப்பதும் உண்டு. ஒரு மாதிரியை எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் உப்பையும் காரத்தையும் பார்த்த பிறகு வண்டி கட்டுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்து, நல்ல மிளகாய்க் காட்டைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஊருக்கு ஊர் ஒரு கருத்து. வறண்ட நிலத்தில் விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று கொண்டுவந்து பரப்பியது, இப்போது கண்மாயின் உள்வாயை மூடி நிற்கிறது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவைத் தொடர்ந்து 2017 வாக்கில் எல்லா மாவட்டத்திலும் வெட்டினார்கள். நானும் அந்த வேலையில் இருந்தேன். தரைமட்டத்தோடு வெட்டிய இடத்திலெல்லாம் ஒரு மழைக்குப் பின் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்தது. வேரோடு, குறைந்தது ஒரு அடி ஆழத்திலிருந்து பிடுங்கினால்தான் அந்த மரம் போகும். அப்போதும் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும், ஆடுகள் காயைத் தின்று புழுக்கையோடு புது விதை போடும். அதனால் முதல் வருடம் பிடுங்குவது வேலையில் பாதிகூட இல்லை. அடுத்த நான்கைந்து வருடம் கார்த்திகையிலும் தையிலும் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் வேண்டும். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தையே இழுக்கிறது என்றெல்லாம் இந்த மரத்தைப் பற்றிச் சொல்வதில், வேர் ஆழமாகப் போகிறது, மற்ற செடிகளை வளரவிடாமல் மூடுகிறது என்ற அளவில் நான் உறுதியாக ஒப்புக்கொள்கிறேன். காற்றின் ஈரத்தை இழுத்து மழையைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரம் பார்த்ததில்லை.

இதில் நாம் மறக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் எத்தனை? பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். கண்மாய் மரம் அவர்களுக்கு அடுப்பும் அரிசியும். வெளியூர்ப் பணத்தில் ஒரே கோடையில் எல்லாவற்றையும் இயந்திரம் வைத்து எடுத்தால், வயல் இருப்பவனுக்குத் தண்ணீர், இல்லாதவனுக்கு ஒன்றும் இல்லை என்றாகும். வெட்டும் உரிமையை அவர்களுக்கே கொடுத்து, மூன்று வருடத்தில் மூன்று பகுதியாக எடுங்கள். உங்களுக்குப் பணமும் மிஞ்சும், அடுத்த வருடக் கன்றைப் பிடுங்கவும் ஆள் இருக்கும். வெட்டும் மரம் ஊராட்சியின் ஏலத்துக்கு உட்பட்டதா என்பதை மட்டும் முன்பே கேட்டு முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மண். கண்மாய் நிறைந்தாலும் வயல் மண்ணில் உயிர் இல்லை என்றால் அந்தத் தண்ணீர் சீக்கிரம் வீணாகும். உங்கள் பக்கம் ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்து, ஐப்பசி மழையில் முளைக்கவிடும் நெல். மழை கார்த்திகையோடு நின்றுபோனால், மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடிக்கும்போது ஒன்றிரண்டு தண்ணீருக்கு ஏங்கும். கண்மாய் காப்பாற்றுவது அந்த ஒன்றிரண்டு தண்ணீரைத்தான். மண்ணில் அங்ககக் கரிமம் (மக்கிய பொருளில் உள்ள கரிமம்) 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு என்று நம் பரிசோதனை அட்டையில் போடுவார்கள். நான் பார்த்த அட்டைகளில் பெரும்பாலும் அதற்கும் கீழேதான். அதை ஏற்றுவது லேசு இல்லை. ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 9 லட்சம் கிலோ. 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். போடும் எருவில் பெரும்பகுதி நம் வெயிலில் சிதைந்து காற்றோடு போய்விடும். அதனால் இது மூன்று நான்கு வருட வேலை. முதல் அறுவடையிலேயே தெரியும் என்று ஊரில் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எதைச் செய்யலாம் என்றால், உங்கள் ஊரில் ஏற்கெனவே இருந்ததைத்தான் சொல்வேன். ஆட்டுக்கிடை, அதாவது எருவுக்காக இரவில் ஆடுகளை வயலிலேயே அடைப்பது. உங்கள் மாவட்டத்துக் கீதாரிகள்தான் கிடை போடத் தஞ்சாவூர் வரை ஆட்டை ஓட்டிப் போகிறார்கள். சொந்த ஊர் வயலுக்கு அவர்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அறுவடை முடிந்து கோடையில் ஊர் மொத்தமும் பேசி, வயல் வயலாக இராத்திரிக்கு இத்தனை ஆடு என்று கிடை அமர்த்துங்கள். 5 லட்சத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்தால் நான் சந்தோஷப்படுவேன். புழுக்கையும் மூத்திரமும் அந்தந்த இடத்திலேயே விழுகிறது, வண்டிக் கூலி இல்லை. கிடை கிடைக்காத நிலத்தில் கோடை மழைக்குப் பசுந்தாள் உரப் பயிரான கொழிஞ்சி அல்லது சணப்பை விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். மழை ஏமாற்றினால் அதுவும் ஏமாற்றும், அதனால் ஊர் முழுக்க ஒரே வருடத்தில் அதை நம்பி இறங்க வேண்டாம். வரப்பை ஒரு முழம் உயர்த்துவதும், சித்திரையில் சரிவுக்குக் குறுக்கே உழுவதும் கிட்டத்தட்டச் செலவே இல்லாதவை.

ஜீவாமிர்தம் தெளித்தால் உரமே வேண்டாம் என்று இளைஞர்கள் கேட்டுக்கொண்டு வருவார்கள். அதைப் பயன்படுத்தி நல்ல விளைச்சல் எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஏக்கருக்குச் சொல்லும் அளவான 10 கிலோ சாணம், 10 லிட்டர் கோமியம், 2 கிலோ பயறு மாவு, இவற்றில் உள்ள தழைச்சத்தை மொத்தமாகக் கூட்டினால் என் கணக்கில் கால் கிலோவைத் தாண்டாது. நெல்லுக்கு வேண்டியது அதைப் போலப் பல மடங்கு. எனவே அது உணவாக வேலை செய்வதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிரைத் தூண்டுகிறது என்பது நடக்கக்கூடியதுதான், ஆனால் எவ்வளவு, எந்த மண்ணில் என்பதில் ஆய்வுகள் ஒரே பதிலைச் சொல்லவில்லை. எருவும் தழையும் நிறையக் கிடைத்த வயலில் அது உதவுவதையும், வெறும் புழுதியில் அதை மட்டும் ஊற்றியவர் ஏமாந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். உரத்தை ஒரே வருடத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு மூலையில் பத்து சென்டில் சோதித்துப் பார்க்கட்டும்.

பறவைகளைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு நல்ல பக்கத்து வீடு இருக்கிறது. பறவைகள் சரணாலயங்களான சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் முதுகுளத்தூர்ப் பக்கம்தான். 2022இல் இரண்டும் ராம்சார் ஈரநிலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்து கொள்ளுகுடிப்பட்டி ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நெல்லையில் கூந்தன்குளத்து மக்கள் கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்குத் தெரியும். இந்தப் பறவைகளுக்கு வேண்டியது மூன்று: மாசி வரை நிற்கும் தண்ணீர், தண்ணீருக்குள் நிற்கும் மரம், தொந்தரவில்லாத அமைதி. அந்த மரம் நாட்டுக்கருவேலம். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் சாகாது. 1980களில் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டவை இன்னும் பல கண்மாய்களில் இருக்கின்றன. சீமைக்கருவேலத்தை எடுக்கும்போது இவற்றையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். முள்ளைப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். நாட்டுக்கருவேலத்தின் காய் மணி மணியாக இடையில் சுருங்கியிருக்கும், பூ மஞ்சள் உருண்டை. இயந்திரம் வரும் முன் அடையாளம் தெரிந்தவரைக் கொண்டு அந்த மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். சீமைக்கருவேலத்திலேயே கூடு இருந்தால் அந்தப் பகுதியைக் கடைசி வருடத்துக்குத் தள்ளிவையுங்கள்.

ஆயிரம் மரக்கன்று வேண்டாம். கோடையில் ஆயிரம் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? கரையின் மேல் பெருமரம் வைப்பதும் நல்லதில்லை. மரம் பட்டுப்போய் வேர் மக்கினால், அந்த வழியே தண்ணீர் கசியும். கரைக்குப் பனங்கொட்டை போதும். ஆவணியில் ஊன்றிவிட்டால் பார்ப்பாரின்றி வளரும், மண்ணைப் பிடிக்கும். உள்வாயின் மேட்டோரத்தில் நாட்டுக்கருவேலம் ஐம்பது, அறுபது இருந்தால் போதும். மரம் நட்டால் ஊருக்கு மழை கூடும் என்று சொல்லி நன்கொடை கேட்காதீர்கள், ஓர் ஊர் அளவில் அதற்கு ஆதாரம் இல்லை. நிழலும் பறவைக்குக் கூடு கட்ட இடமும் காயும் கிடைக்கும், அது உறுதி. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. பல்லுயிர் திரும்பும்போது மயிலும் காட்டுப்பன்றியும் சேர்ந்துதான் வரும். கடலை, பயறு போடுகிறவர்களிடம் இதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. கண்மாய் கெட்டது மண் சேர்ந்ததால் மட்டும் இல்லை, நீர்ப்பாய்ச்சி இல்லாமல் போனதால். மடையைத் திறப்பதும் அடைப்பதும், வரத்துக்காலில் முதல் மழைக்கு முன் குப்பை எடுப்பதும், யாருக்கு எத்தனை நாழிகை என்று பிரித்துவிடுவதும் ஒருவருடைய வேலையாக இருந்தது. அறுவடைக் களத்தில் அவருக்குக் கூலியாக நெல்லில் ஒரு பங்கு உண்டு, அதைச் சுதந்திரம் என்பார்கள். அந்த நெல் நின்றது, ஆளும் நின்றார். குடிமராமத்துக்காக, அதாவது ஊரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் வழக்கத்துக்காக, 1858இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டமே போட்டார்கள் என்பதைப் பார்த்தால், பராமரிப்பு அன்றைக்கும் தானாக நடக்கவில்லை என்று தெரிகிறது. 2017இல் குடிமராமத்து என்ற பெயரில் மீண்டும் அரசுப் பணம் வந்தது. வேலை நடந்தது, ஆனால் அடுத்த வருடத்துக்கு ஆள் வைத்த ஊர்களில்தான் அது தங்கியதை நான் கண்டேன். உங்கள் 5 லட்சத்தில் ஒரு லட்சத்தை வங்கியில் வைப்பாகப் போட்டு, அதன் வட்டியோடு பாசிக் குத்தகையில் (கண்மாயில் மீன் பிடிக்கும் குத்தகை) ஒரு பங்கையும் சேர்த்து, ஒரு நீர்ப்பாய்ச்சிக்குச் சம்பளம் கொடுங்கள். குத்தகை எடுப்பவர் மீன் பிடிக்க மடையைத் திறந்து தண்ணீரை வடிக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். மார்கழியில் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

தண்ணீர் யாருக்கு என்பதையும் வெட்டுவதற்கு முன்பே பேசுங்கள். சண்டிகருக்குப் பக்கத்தில் சுகோமஜ்ரி என்று ஓர் ஊர். 1970களின் கடைசியில் அங்கே பி. ஆர். மிஸ்ரா என்ற மண் அறிவியலாளர் மண் அணைகள் கட்டினார். நிலம் இல்லாத வீட்டுக்கும் தண்ணீரில் சம பங்கு என்று முடிவானது. வேண்டாதவர்கள் தங்கள் பங்கை விற்றுக்கொள்ளலாம். அதன் பிறகு மலையில் ஆடு மேய்வதை ஊரே நிறுத்தியது, வேலி தேவைப்படவில்லை. மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார், வருடத்துக்கு 400 மில்லிமீட்டர் அளவு மழைதான். 1989இல் போபட்ராவ் பவார் தலைவரான பிறகு தடுப்பணை கட்டியதோடு நிற்காமல், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது, கரும்பு கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. ஒவ்வொரு வருடமும் இருக்கிற தண்ணீரைக் கணக்கிட்டுத்தான் பயிரைத் தீர்மானிக்கிறார்கள். அந்தத் தலைமை எல்லா ஊருக்கும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் நிறைந்த கண்மாயைச் சுற்றிப் பத்து ஆழ்துளைக் கிணறு புதிதாக விழுந்தால், நீங்கள் கொண்டுவந்த தண்ணீர் ஆழமாகத் தோண்டியவருக்குப் போய்விடும். அதை நான் இரண்டு ஊரில் பார்த்துவிட்டேன்.

கலுங்கை மட்டும் உயர்த்திவிடாதீர்கள். மணல் மூட்டைகூட அடுக்க வேண்டாம். உங்கள் மிகைநீர்தான் கீழ்க் கண்மாயின் வரவு. அந்த ஊரையும் வரத்துக்கால் நடைக்குக் கூப்பிடுங்கள். ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. ஆனால் வழக்கு, நோட்டீஸ் விஷயங்களில் என் சொல்லை நம்பாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். என் அனுபவத்தில் நடந்து காட்டிப் பேசியதில் திறந்த கால்வாய்கள்தான் அதிகம்.

காலத்தைச் சொல்லிவிடுகிறேன். மார்ச் 22 உலக நீர் நாளில் கிராம சபை கூடும். அதற்கு முன் நடை முடித்து, படங்களோடு தீர்மானம் போடுங்கள். நீர்வளத் துறைக் கண்மாயா, ஊராட்சி ஒன்றியக் கண்மாயா என்று பார்த்து அவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வரத்துக்காலும் மடைப் பழுதும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மரம் எடுப்பதில் முதல் மூன்றில் ஒரு பகுதியும் வண்டலும், கோடை முழுக்கக் கிடை. ஆவணியில் பனங்கொட்டை. அக்டோபர் முதல் வாரத்துக்குப் பின் எந்த இயந்திரமும் உள்ளே இருக்கக் கூடாது. நடந்து முடித்ததும் கால்வாயின் நீளம், அடைபட்ட இடங்கள், கலுங்கு கடைசியாகப் பாய்ந்த வருடம், மடையின் நிலை, இந்த நான்கையும் இங்கேயே எழுதுங்கள். பணத்தை எப்படிப் பிரிப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.